தட்டிப் பார்த்து ஏறு, மகள்

மகள்,

கோடையில் கலிபோர்னியாவின் யோசெமிட்டியில் இருக்கிற ஃபேர்வியூ டோம் என்ற மொட்டைப் பாறை மலையில் ஏறப்போவதாகச் சொன்னாய். வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை, உனக்குப் பிடித்த வேலை, நீ போகத்தான் வேணும். ஆனால் உன் அப்பா பதுளை வீதிப் பக்கம் கல்லுடைத்துத்தான் உங்களை வளர்த்தவன், கல்லைப் பற்றி நான் சொல்வதை ஒருக்கால் கேள்.

நீ போன முறை வந்தபோது விட்டுப்போன கேம் ஒன்று, அதுதான் விழுந்தால் கயிறு பிடிக்கப் பாறை வெடிப்பில் செருகுகிற அந்தச் சாமான், அலுமாரியில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். விரலால் இழுத்தால் நாலு பல்லும் சுருங்குகின்றன, விட்டால் விரிகின்றன. கிணற்றுக்கட்டு வெடிப்பில் வைத்து இழுத்தேன், இழுக்க இழுக்க இறுகிக்கொண்டே போனது. அப்போதுதான் விளங்கியது: கீழே இழுக்கிற பாரத்தை அது பக்கவாட்டுக்குத் திருப்புகிறது, நீ விழுந்தால் வெடிப்பின் ஒவ்வொரு சுவரையும் அந்த இழுவையைப் போல இரண்டு மடங்கு அளவில் தள்ளும். நாங்கள் ஆப்பு அடிப்பதும் இதற்குத்தானே. ஆப்பு இறங்க இறங்க வெடிப்பு அகலும், கல் பிளக்கும். முழுப் பாறை என்றால் அது அசையாது, கேம் உன்னைப் பிடிக்கும். மெல்லிய செதிலுக்குப் பின்னால் வைத்தாயோ, பிடிக்க வேண்டிய சாமானே செதிலைப் பெயர்த்துவிடும், அது போய் விழுவது கீழே உனக்குக் கயிறு பிடித்து நிற்கிற பிள்ளையின் மேல்.

அப்படிப்பட்ட மொட்டை மலைகளில் செதில் இல்லாமல் இராது. மேலே கிடந்த பாரம் காலப்போக்கில் தேய்ந்து போக, பாறை விரிந்து தட்டுத் தட்டாகக் கழலும். எங்கள் பக்கத்துக் கல் வரியோடின சாதி, அங்கே இருப்பது கிரானைட், ஆனாலும் தட்டினால் இரண்டும் ஒரே மாதிரித்தான் பதில் சொல்லும். உள்ளே பிடிப்புள்ள கல் 'கிண்' என்னும். கழன்றது 'டொக்' என்னும். ஒரு கையைக் கல்லில் வைத்து மற்றக் கையால் குத்து, கழன்ற கல் என்றால் அதிர்வு உள்ளங்கைக்கு வரும்.

நீ ஏறப்போகிற அந்த வழியை 1962இல் முதலில் ஏறின சக் பிராட்டுக்கும் வாலி ரீடுக்கும் கேம் இல்லை, அந்தக் காலத்தில் வெடிப்பில் இரும்பாணி அடித்துத்தான் ஏறுவார்கள். நன்றாக இறுகும் ஆணி அடிக்க அடிக்க ஓசையின் சுரம் ஏறிக்கொண்டு போகும், ஆகவே காது தன்பாட்டில் வேலை செய்தது. உன் இடுப்பில் சுத்தியல் இல்லை, நீயாக நினைத்துத் தட்டினால்தான் உண்டு. களைத்துப்போய் கை நடுங்கும்போது முதலில் மறக்கிறது இதைத்தான், அதனால்தான் இப்போதே சொல்கிறேன்.

மற்றது, முதல் பிட்ச்தான், அதாவது முதல் கயிற்று நீளம் ஏறுவதுதான் கடினம், பனி உருகி ஈரமாகவும் இருக்கும் என்றார்கள். ஈரம் என்றால் இன்னொரு நாள் பார்க்கலாம். அங்கே கோடையில் பின்னேரம் இடி வரும், விடிய முதலே ஏறத் தொடங்குங்கள், நடுவில் பாறையில் நிற்கக்கூடிய அந்தத் திட்டுக்கு வந்ததும் நின்று மேகத்தைப் பாருங்கள். கறுத்திருந்தால் கயிற்றைப் போட்டு இறங்குங்கள், சாமான் இரண்டு மூன்று பாறையில் விடுபட்டால் அதற்குக் காசு நான் தருகிறேன்.

உச்சிக்குப் போனாலும் பின்பக்கச் சரிவால் நடந்து இறங்கி முடியும்வரை கவனம். இறங்கினதும் கோல் எடு. உனக்குப் பின்னேரம் ஆறு என்றால் செங்கலடியில் காலை ஆறரை, நானும் அம்மாவும் எழும்பியிருப்போம்.

அப்பா