முகூர்த்த நாளும் நானூறு மீட்டரும்

புரட்டாசி 26, ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

ஏழு மாதம் ஆகிவிட்டது. நீ மூன்று தடவை கூப்பிட்டாய், நான் ஒரு தடவைகூடத் திருப்பிக் கூப்பிடவில்லை. திட்டு, ஆனால் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டு. போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பாய்ந்துவிடுவாய், அதனால்தான் காகிதம் எடுத்தேன்.

தங்கச்சிக்கு முதுகுவலி தேவலையா? பாப்பா வாங்கிய மார்க்கைப் பார்த்து மாமா தெரு முழுக்கச் சொன்னதாகச் சொல். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று, எதிர்வீட்டு மாடியில் காய்கிற வடகத்தைக்கூட இப்போது எண்ணிவிடுகிறாள். பெரிய சாருக்கு எண்பது முடிந்துவிட்டது. இன்னும் சாயங்காலமானால் வேப்பமரத்தடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கழுத்தில் விசிலோடு பையன்களை விரட்டுகிறார். மஞ்சள் பனியன் கதையைப் புதுப் பையன்களுக்கும் சொல்லிவிட்டார், உன் பெயரோடு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் கல்லூரிக்கு ரிலே டீம் கிடைத்துவிட்டது மாப்ளே. 4x400, நாலு பேர், ஆளுக்கு நானூறு மீட்டர்.

போன வாரம் நாலு பேரையும் மதுரை ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போய் சிந்தெடிக் டிராக்கில் ஓடவிட்டேன். 3 நிமிடம் 19 விநாடி! வாட்ச்சை இரண்டு தடவை பார்த்தேன். நாம் ஓடியது 3:24, அது நம் கண்மாய்க்கரை மண்ணில், சுண்ணாம்புக் கோட்டில். பெரிய சாரிடம் சொன்னதும், "மண்ணுக்கு அஞ்சு விநாடி கழிச்சுக்கோ, நீங்களும் அவங்களும் ஒண்ணுதான்" என்றார். அவர் நம்மை விட்டுக்கொடுக்க மாட்டார். ஆனால் எனக்குத் தெரியும், இந்தப் பையன்கள் நம்மைவிடப் பெரிய ஆட்கள்.

மற்ற ஈவென்ட்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கேட்டுத் துளைப்பாய். பெண்கள் டீமை மேடம் பார்த்துக்கொள்கிறார், அங்கே எந்தக் கவலையும் இல்லை, கோப்பை அவர்களுக்குத்தான். ஆண்கள் பக்கம்தான் என் பொறுப்பு. நூறு மீட்டரில் ஒருவன் 10.8 ஓடுகிறான், கையில் பிடித்த நேரம். மின்னணுக் கடிகாரத்துக்கு 0.24 கூட்டினால் 11-ஐத் தாண்டிவிடும் என்று அவனிடம் சொன்னேன். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. அப்புறம் ஸ்டார்ட்டிங் பிளாக்கைத் தூக்கிக்கொண்டு அவனாகவே வந்தான். நீளம் தாண்டுபவன் 7 மீட்டரைத் தொட்டுவிட்டான். ட்ரிப்பிள் ஜம்ப்பில் ஒருவன் 14.60. 2023 மார்ச்சில் ஜெஸ்வின் ஆல்ட்ரின் 8.42 தாண்டியதும், மே மாதம் பிரவீன் சித்ரவேல் ஹவானாவில் 17.37 தாண்டியதும் இவர்களுக்கு மனப்பாடம். ஒருவர் முதலூர்க்காரர், ஒருவர் மன்னார்குடிப் பக்கம். இரண்டு தேசிய சாதனையும் ஒரே வருஷத்தில் நம்ம ஊர்ப் பையன்கள் கைக்கு வந்தது இவர்களுக்குப் பெரிய தைரியம். நாம் படித்த காலத்தில் சாதனைப் பட்டியலைப் பார்த்தால் நம் பக்கத்து ஊர்ப் பெயர் கண்ணில் பட்டதா?

எறிபவர்களைப் பற்றித்தான் மனசு கனக்கிறது. முதல் வருஷத்தில் ஒரு பையன் சேர்ந்திருக்கிறான். பள்ளிக்கூடத்தில் 5 கிலோ குண்டை 15 மீட்டர் போட்டவன், மாவட்டத்தில் அவனை அடிக்க ஆள் இல்லை. இங்கே வந்ததும் கையில் 7.26 கிலோவைக் கொடுத்துவிட்டோம். முதல் நாள் 11 மீட்டர்கூட வரவில்லை. நடுவில் 20 வயதுக்குட்பட்டவர்களுக்கென்று 6 கிலோ குண்டு இருக்கிறதே, ஆனால் கல்லூரிப் போட்டியில் 17 வயதுக்காரனும் 25 வயதுக்காரனும் ஒரே குண்டைத்தான் போட வேண்டும். இரும்பு கூடியதும் தன் பலமே போய்விட்டதென்று நினைத்துக்கொண்டான். தடை ஓட்டத்திலும் இதே கதைதான். 91.4 சென்டிமீட்டர் தாண்டிப் பழகியவனுக்கு ஒரே தாவலில் 106.7. இடையில் இருக்கிற 99.1-ஐ அவன் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடத்தில் மெடல் வாங்கிய பையன்கள் கல்லூரி முதல் வருஷத்தில் காணாமல் போகிறார்களே என்று நாம் எத்தனை தடவை பேசியிருக்கிறோம்! இந்த வருஷம் என் பணத்தில் 6 கிலோ குண்டு ஒன்று வாங்கிவிட்டேன். இந்த சீசனில் அவனிடம் பாயிண்ட் கேட்கப்போவதில்லை, மூன்றாம் வருஷம் கேட்பேன்.

கம்பியில் கோத்த குண்டைச் சுழற்றி எறிகிற ஹேமரை நான் தொடவிடுவதில்லை. நம்மிடம் வலைக்கூண்டு இல்லை. 2019-இல் கேரளாவில் பாலாவில் நடந்த போட்டியில் ஹேமர் பட்டு ஒரு பள்ளிப் பையன் உயிரை விட்டான், அந்தச் செய்தி படித்த நாளிலிருந்து மைதானத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே இருக்கிறேன். அந்த ஈவென்ட் பாயிண்ட் போனால் போகட்டும்.

நெடுந்தூரத்துக்கு ஆள் இல்லை என்றால் நம்புவாயா? விடிகாலையில் வந்து பார், நம் மைதானத்தில் அறுபது பேர் ஓடுகிறார்கள். எல்லாரும் போலீஸ் தேர்வுக்கு. 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடினால் போதும் என்று தெரிந்ததும் 6:40-க்கு வந்தவன் அதோடு நிறுத்திக்கொள்கிறான். அதில் இரண்டு பேர் ஒழுங்காகப் பயிற்சி எடுத்தால் 4:10 ஓடுவார்கள், சத்தியமாகச் சொல்கிறேன். கேட்டால், "வேலைக்கு 7 நிமிஷம்தானே சார்?" என்கிறார்கள். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் வயிறு எரிகிறது.

இன்னொன்று, ஜிம்மில் கொடுத்தார்கள் என்று லேபிள் இல்லாத பவுடர் டப்பாவோடு ஒருவன் வந்தான். வாங்கிக் கொட்டிவிட்டேன். 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலப் போட்டிக்கு ஊக்கமருந்து சோதனை அதிகாரிகள் வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், 100 மீட்டர் இறுதி ஓட்டத்துக்கு ஒரே ஒரு பையன்தான் வந்து நின்றான். அந்தக் கதையை எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னேன். நான் இருக்கிற வரை தோற்றாலும் பரவாயில்லை, ஆனால் நம் கோட்டில் எட்டுப் பேரும் நிற்க வேண்டும்.

இனி ரிலேக்கு வருகிறேன். உன்னிடம் சொல்ல வந்தது இதைத்தான்.

முதலில் ஓடுபவன் 50.2 விநாடி, கோட்டை விட்டு விலகாதவன், நம்பலாம். இரண்டாவது உன் இடம். அவன் வேகக்காரன், ஆனால் முதல் வளைவு முடிந்ததும் உள்லேனுக்கு வெட்டுகிறான் பார், கதவைச் சாத்துகிற மாதிரி ஒரே வெட்டு. இரண்டு மீட்டர் அங்கேயே போகிறது, முட்டி மோதி விழவும் வாய்ப்பிருக்கிறது. எதிர் வளைவின் ஆரம்பத்தைக் குறிவைத்துச் சாய்வாகப் போ என்றால் தலையாட்டுகிறான், ஓடும்போது மறந்துவிடுகிறான். அதை உன்னைப்போல் செய்துகாட்ட எனக்கு வராது. மூன்றாமவன் குச்சி வாங்கும்போது உள்பக்கம் பார்த்து நிற்காமல் வெளிப்பக்கம் திரும்புகிறான். வருகிறவன் வலது கையில் கொண்டுவருகிறான், இவன் இடது கையை எங்கே நீட்டுவான்?

நாலாமவன்தான் என் தூக்கத்தைக் கெடுப்பவன். 48.9. மூன்றாம் வருஷம் வரலாறு. ஒல்லி, ஆனால் கடைசி நூறில் அவன் தோள் தூக்காது, கழுத்து இறுகாது. புடாபெஸ்ட் ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? 2023 ஆகஸ்ட், அனஸ், அமோஜ், அஜ்மல், ராஜேஷ், 2:59.05, அன்றைக்கு ஆசிய சாதனை. அமெரிக்காவுக்கு அடுத்து நம்ம ஆட்கள். கடைசி லெக்கில் ராஜேஷ் ரமேஷ் அமெரிக்காக்காரன் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு வந்தபோது நீ போனில் கத்திய கத்தில் என் வீட்டு நாய் குரைத்தது. "நம்ம டிக்கெட் பரிசோதகர்டா" என்றாய், ரயில்வேக்காரன் பெருமை. அந்த ஓட்டத்தின் சாயல் இவனிடம் இருக்கிறது. இதைச் சும்மா சொல்ல மாட்டேன் என்று உனக்குத் தெரியும்.

ஆனால் ஆடி முடிந்ததும் ஆள் மாறிப்போனான். வெள்ளிக்கிழமை 49 ஓடுபவன் திங்கட்கிழமை 51.8. முதல் 200-ஐ 23.4-இல் கடந்து, அப்புறம் தண்ணீரில் நடப்பதுபோல் வந்தான். கால் வீங்கியிருந்தது. எங்கே ஊர் சுற்றினாய் என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். பதில் சொல்லவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆவணிக் கடைசியில் மதுரையில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். சாம்பார் போயிற்று, ரசம் வந்தது. நிமிர்ந்து பார்த்தால் வாளியோடு அவன். காக்கி பேண்ட், கேட்டரிங் கம்பெனி டி-ஷர்ட், தலையில் வலைத்தொப்பி. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ரசம் ஊற்றினான், கை நடுங்கவில்லை. அடுத்து பாயசமும் அவன்தான் கொண்டுவந்தான். எனக்கு இரண்டு கரண்டி ஊற்றிவிட்டுப் போனான்.

அந்த இலையை என்னால் முடிக்க முடியவில்லை மாப்ளே.

திங்கட்கிழமை அவனே வந்தான். "சார், ரிலேல இருந்து எடுத்துடாதீங்க" என்றான், அவ்வளவுதான். நான்தான் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன். ஒரு கல்யாணத்துக்கு 700 ரூபாய். சனிக்கிழமை ராத்திரி ரிசப்ஷன் பந்தி முடிந்து பாத்திரம் ஏற்ற ஒரு மணி, காலை டிபனுக்கு இலை போட நாலு மணி. நடுவில் மண்டபத்து ஜமுக்காளத்தில் மூன்று மணி நேரம். அதுவும் மார்பிள் தரையில் நாள் முழுக்க நின்ற கால். தங்கை நர்சிங் படிக்கிறாள், ஃபீஸ் கட்டுவது இவன். நான் கத்திய நாளுக்கு மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சார், உங்களுக்குத் தெரியாதுல்ல" என்றான்.

இப்போது புரட்டாசி, கல்யாணம் இல்லை. மூன்று வாரமாக அவன் தூங்குகிறான், அதனால்தான் 3:19 வந்தது. எனக்கு இப்போதுதான் புரிகிறது, நான் போட்டுக்கொடுத்த அட்டவணையில் குறையில்லை, அவன் வீக்காகவும் இல்லை. தினசரி காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு முகூர்த்த நாளை எல்லாம் சிவப்பில் சுழித்தேன். ஐப்பசியில் மழை, மைதானம் கண்மாயோடு சேர்ந்துவிடும், போதாக்குறைக்கு முகூர்த்தம். கார்த்திகையில் நம் பல்கலைக்கழகப் போட்டி, அப்போதும் முகூர்த்தம். மார்கழிதான் மறுபடி ஓய்வு. அகில இந்தியப் போட்டிக்கு அவன் முழுத் தூக்கத்தோடு போவான், ஆனால் கார்த்திகையைத் தாண்டினால்தானே அங்கே போக முடியும்! அங்கே மங்களூர் பல்கலைக்கழகத்துக்காரர்கள், மூடுபித்ரியில் விடுதிச் சோறு, பயிற்சி, படிப்பு எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்த பையன்கள் பக்கத்து லேனில் நிற்பார்கள். இவனும் அவர்களைப்போல் தூங்கி எழுந்து நிற்க வேண்டும் என்பதைத் தவிர நான் வேறெதுவும் கேட்கவில்லை.

சும்மா பணம் கொடுத்தால் வாங்க மாட்டான், கேட்டுப் பார்த்துவிட்டேன். அதனால் ஒன்று யோசித்திருக்கிறேன். சனி, ஞாயிறு காலையில் பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருபது பேர் மைதானத்துக்கு வருகிறார்கள். அவர்களுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுக்க, டிராக்குக்குச் சுண்ணாம்பு போட ஆள் வேண்டும். அதற்கு மாதம் 5000 சம்பளம். தை வரை நாலு மாதம், 20,000 ரூபாய். நம் நாலு பேரும் ஆளுக்கு 5000 போட்டால் முடிந்தது. குவைத்காரன் சரி என்றுவிட்டான். லாரி ஆபீஸ்காரன் யோசிக்கிறானாம், நீ ஒரு அதட்டு அதட்டினால் கொடுத்துவிடுவான், உன்னிடம்தான் அவனுக்குப் பயம். பெரிய சாரிடம் சொல்லாதே, பென்ஷனை எடுத்து நீட்டிவிடுவார்.

பணத்தைவிட நீ வர வேண்டும். ஐப்பசி கடைசி வாரம் நாலு நாள் லீவு போடு. பொன்மலையில் நீ இல்லாவிட்டாலும் ரயில் ஓடும். இரண்டாமவனுக்கு அந்த வளைவைக் காட்டிக்கொடு, மூன்றாமவன் தோளைப் பிடித்து உள்பக்கம் திருப்பு. தங்கச்சியையும் பாப்பாவையும் கூட்டிவா, அம்மா இப்போதே முறுக்குக்கு அரிசி ஊறவைக்கப் போகிறேன் என்கிறாள்.

அப்புறம், பழைய குச்சி உன்னிடம்தான் இருக்கிறது என்று பெரிய சார் அடித்துச் சொல்கிறார். இருந்தால் எடுத்துக்கொண்டு வா. இங்கே இருப்பதில் ஒரு முனை நசுங்கியிருக்கிறது.

உன்,
முதல் லெக்