ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் வெளியே போனால்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுப்பதில் என்ன கஷ்டம்?' என்று கேட்பவர்களுக்காக ஓர் எழுத்து: 'கொ'. இடமிருந்து வலமாகப் படிக்கப் பழகும் பிள்ளை, முதலில் ஒற்றைக்கொம்பைப் பார்த்து 'கெ' என்கிறது; பிறகு துணைக்கால் கண்ணில் பட்டதும் 'கா' சேர்க்கிறது. 'கொடி', 'கெகாடி' ஆகிவிடுகிறது. பிள்ளை மேல் தப்பில்லை, பார்த்த வரிசையில்தான் படிக்கிறது. நடுவில் 'க' அட்டையை வைத்து, கொம்பையும் காலையும் இருபுறமிருந்தும் சேர்ந்தாற்போல் நகர்த்தினால் பிடிபடும். ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் நகர்த்திப் பார்க்க வேண்டும். பிடிபட்ட பிள்ளை, போகிற பேருந்தின் பலகையில் 'கொல்லிமலை' என்று தானே கூட்டிப் படிக்கும். சம்பளத்துக்கு மேல் இந்த வேலையில் கிடைப்பது அதுதான்.

கழித்தலும் இப்படித்தான். 52இல் 27 போனால் 35 என்று எழுதும். இரண்டில் ஏழு போகாது என்பதால் ஏழில் இரண்டைக் கழித்துவிடுகிறது. 'கடன் வாங்கு' என்று வாயால் சொல்லிப் பயனில்லை. பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட ஐந்து கட்டு ஈர்க்குச்சியும் இரண்டு உதிரியும் கொடுத்து, ஒரு கட்டை அவிழ்க்கச் சொல்ல வேண்டும். உதிரி பன்னிரண்டானதும் விஷயம் புரியும். இருபது பிள்ளைகளுக்கு இதைச் செய்ய ஒரு பாடவேளை முழுதாகப் போய்விடும்.

அந்தப் பாடவேளைதான் கிடைப்பதில்லை. கல்வி உரிமைச் சட்டம், 2009 கணக்குப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. ஒருவர் 1, 2, 3ஐப் பார்த்தால், 40 நிமிடத்தில் வகுப்புக்குப் பதின்மூன்று நிமிடம். மற்றவர் தலைமையாசிரியராகவும் இருந்துகொண்டு 4, 5ஐப் பார்க்கிறார். 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை பார்த்து மூன்று குழுவாக உட்காரவைப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு குழுவோடு ஆசிரியர் உட்காரும்போது, மற்ற இரண்டு குழுவின் கையிலும் யாரையும் கேட்காமல் செய்யக்கூடிய வேலை இருக்க வேண்டும். அதை முந்தைய நாள் மாலையே தயாரிக்க வேண்டும். அந்த மாலையை எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவுகள் தின்றுவிடுகின்றன.

ஒருவர் பயிற்சிக்கோ வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கோ போய்விட்டால், இருப்பவருக்கு ஐந்து வகுப்பும். அன்று அட்டையும் கிடையாது, குச்சியும் கிடையாது; பார்த்து எழுதும் வேலைதான். கல்விசாராப் பணிகளுக்குச் சட்டத்தின் 27ஆம் பிரிவு வரம்பு கட்டியிருக்கிறது. 'பள்ளி சார்ந்த பணி' என்று பெயர் வைத்துவிட்டால் அதற்கு வரம்பே இல்லை.

கேட்பது இரண்டுதான். பக்கத்துப் பள்ளிகள் சிலவற்றுக்குப் பொதுவான ஒவ்வொரு குறுவள மையத்துக்கும் எமிஸ் பதிவுக்கென்று தனியாக ஒருவர். ஈராசிரியர் பள்ளியிலிருந்து ஒருவரை வெளியே அழைக்கும் நாளில், பக்கத்துப் பெரிய பள்ளியிலிருந்து மாற்றுப்பணியில் ஒருவர். அந்த உத்தரவு முந்தைய நாளே வர வேண்டும், காலை ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் அல்ல.

இப்படிக்கு,
தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் சிலர்,
நாமக்கல் மாவட்டம்.