சுறா நம் மூதாதை அன்று

அன்பு நண்பருக்கு,

வணக்கம். முழங்கால் சிகிச்சைக்குப் பிறகு மாடிப்படி ஏற முடிகிறது என்று எழுதியிருந்தீர்கள், மகிழ்ச்சி. இங்கும் யாவரும் நலம்.

முதன்முதலில் தாடை பெற்ற மீன்கள் சுறாவைப் போன்று இருந்தன என்று பேத்திக்கு விளக்கியதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். நம் காலத்துப் பாடம் அதுதான். அது இப்போது செல்லுபடியாகாது என்பதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

சீனாவின் யுன்னான் மாநிலத்தில், சூஜிங் நகருக்கு அருகில், சுமார் 42 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சைலூரியன் காலப் பாறையில் கிடைத்த என்டெலோக்னாதஸ் என்னும் மீனைப் பற்றித் தொல்லுயிரியலாளர் ஜூ மின் குழுவினர் 2013-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஏறத்தாழ ஒரு சாண் நீளம்தான். தலையும் மார்பும் எலும்புத் தகடுகளால் மூடப்பட்டிருப்பதால் அது பிளாக்கோடெர்ம் என்னும் கவச மீன் கூட்டத்தைச் சேர்ந்தது என்பதில் ஐயமில்லை. அக்கூட்டத்தில் புகழ்பெற்ற டங்கிலியோஸ்டியஸ், தாடைக் குருத்தெலும்பின் மேல் அமர்ந்த கூரிய தகடுகளாலேயே இரையை வெட்டியது. என்டெலோக்னாதஸின் வாய் ஓரத்திலோ, எலும்பு மீன்களுக்கும் நமக்கும் உள்ள அதே மேல்தாடை எலும்புகளும் கீழ்த்தாடை எலும்பும் வரிசையாக அமைந்திருக்கின்றன. உடல் ஒரு கூட்டத்துக்கு உரியது, வாய் இன்னொரு கூட்டத்துக்கு உரியது என்று சொல்லத் தோன்றும் அளவுக்கு அது விசித்திரமான கலவை.

இத்தகைய எலும்புகள் கவச மீன்கள், எலும்பு மீன்கள் என்னும் இரண்டு கிளைகளில் தனித்தனியே தோன்றியிருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். எதையும் உடனே ஒப்புக்கொள்ளும் வழக்கம் உங்களுக்கு எப்போது இருந்தது! அதே பாறையடுக்கிலிருந்து 2016-இல் விவரிக்கப்பட்ட சிலின்யூ என்னும் மீனின் தாடை எலும்புகள், பழைய வெட்டுத் தகட்டுக்கும் நம் தாடை எலும்புக்கும் இடைப்பட்ட அமைப்பில் உள்ளன. ஒன்று மற்றொன்றாக மாறியது என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

அப்படியானால் எலும்பு மீன்களுக்கும் சுறாக்களுக்கும் பொதுவான மூதாதை கவச மீன்களிலிருந்து வந்தது; சுறா பழைமையின் எச்சம் அன்று. தன் முன்னோரிடம் இருந்த பெரிய எலும்புத் தகடுகளை இழந்து, சிறு செதில்களோடும் குருத்தெலும்போடும் நின்ற கிளை அது. மங்கோலியாவில் கிடைத்த மின்ஜினியா என்னும் கவச மீனின் மண்டைக்குள்ளேயே குருத்தெலும்பு உண்மையான எலும்பாக மாறியிருப்பது 2020-இல் தெரியவந்தது. ஆகவே உட்புற எலும்பையும் சுறாக்களின் முன்னோர் இழந்திருக்கக்கூடும்.

2022-இல் சீனாவின் சொங்சிங் பகுதியிலிருந்து வந்த செய்தி இன்னும் நேரடியானது. அங்கே சுமார் 43.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறையில் முழு உடலோடு கிடைத்த மீன்களுள் ஷெனகாந்தஸ் என்பது சுறாக்கள் அடங்கிய குருத்தெலும்பு மீன் இனத்தது. ஆனால் அதன் மார்பைச் சுற்றிக் கவச மீன்களுக்கு உள்ளவை போன்ற தகடுகள் இருக்கின்றன. அதன் படத்தைப் பேத்தியிடம் காட்டி, இது எக்கூட்டத்தைச் சேர்ந்தது என்று கேட்டுப் பாருங்கள். அவள் சொல்லும் பதிலை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்