சாவி எங்கே இருக்கிறது?

தமிழ்ப் பள்ளி, நார்த்டேல், பீட்டர்மாரிட்ஸ்பர்க், தென்னாப்பிரிக்கா
நான்காம் பருவத் தொடக்கம்

அன்புள்ள பெற்றோர்களே, ஆயாமார்களே, தாத்தாமார்களே,

வணக்கம். இந்தக் கடிதத்தின் ஆங்கிலப் படியும் இதே உறையில் இருக்கிறது. ஆனாலும் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஆயாவோ தாத்தாவோ வீட்டில் இருந்தால், பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து இதை உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

போன சனிக்கிழமை தீ ஒத்திகை நடத்தினோம். மணி அடித்ததும் சின்ன வகுப்புப் பிள்ளைகள் கையைக் கோத்துக்கொண்டு, சொல்லிக் கொடுத்தபடியே பின்வாசலுக்கு வந்தார்கள். பின்வாசல் கேட் பூட்டியிருந்தது. சாவி காவலாளியின் இடுப்பு வளையத்தில். அவரோ முன்பக்கம் ஒரு காரை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். ஆள் ஓடிச் சாவி வாங்கி வர மூன்று நிமிடம் ஆனது. அதுவரை 40 பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒத்திகைதான், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தக் கேட்டைப் பூட்டி வைக்கச் சொன்னவன் நான். உங்களிடம் மறைக்கக்கூடாத விஷயம் என்பதால் இதை முதலில் எழுதுகிறேன்.

ஏன் பூட்டினோம் என்பது உங்களுக்குத் தெரியும். 2021 ஜூலைக் கலவரத்தில் நம் ஊர் ப்ரூக்சைட் மால் எரிந்ததையும், தெருமுனைகளில் நாம் இரவெல்லாம் காவல் நின்றதையும் யாரும் மறக்கவில்லை. அதற்கு முன்பும் திருட்டு பயம் இல்லாமல் இல்லை. அதன்பிறகு பூட்டுக்கு மேல் பூட்டாகப் போட்டோம். கள்ளனை வெளியே நிறுத்தும் அதே பூட்டு நெருப்பின்போது பிள்ளையை உள்ளே நிறுத்தும் என்பதை மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டோம்.

உங்களில் பலருக்கு 2000ஆம் ஆண்டு மார்ச் 24 நினைவிருக்கும். அன்று டர்பனின் சாட்ஸ்வர்த்தில் ஒரு நடனக் கூடத்தில் பள்ளிப் பிள்ளைகள் கூடியிருந்தபோது உள்ளே கண்ணீர்ப்புகைக் குண்டு வெடித்தது. வெளியேற ஓடிய நெரிசலில் 13 பிள்ளைகள் இறந்தார்கள். அங்கே தீ எதுவும் பிடிக்கவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியேற வழி போதாமல் போனதுதான் அந்த உயிர்களைக் கொண்டுபோனது.

ஆகவே பள்ளியில் இப்படி மாற்றியிருக்கிறோம். வகுப்பு நடக்கும் நேரத்தில் பின்வாசலுக்குப் பூட்டு கிடையாது, உள்ளிருந்து தள்ளித் திறக்கும் தாழ்ப்பாள் மட்டும்தான். அந்த வாசலுக்குப் பக்கத்திலேயே ஓர் ஆசிரியர் உட்கார்ந்திருப்பார். மற்ற நேரத்தில் போடும் பூட்டின் சாவி ஒன்று கதவருகே கண்ணாடிப் பெட்டியில் தொங்கும். வகுப்பாசிரியர் ஒவ்வொருவரிடமும் ஒன்று இருக்கும். முன்வாசலில் காவலாளியும் வருகைப் பதிவேடும் முன்பு போலவே. ஒத்திகை இனி பருவத்துக்கு இரண்டு முறை, அதில் ஒன்று முன்னறிவிப்பு இல்லாமல்.

இனி உங்கள் வீடு. நம் வீடுகளில் ஜன்னலுக்கெல்லாம் பர்க்ளர் கார்டு என்னும் திருட்டுத் தடுப்புக் கம்பி. படுக்கையறைப் பக்கம் பாசேஜில் இன்னொரு கேட். இரவில் அதையும் பூட்டிவிட்டுப் படுக்கிறோம். அடுப்பும் கேஸ் சிலிண்டரும் கேட்டுக்கு அந்தப் பக்கம், பிள்ளைகள் இந்தப் பக்கம். நடு இரவில் புகை வந்தால், தலையணைக்கு அடியிலோ அம்மாவின் கைப்பையிலோ இருக்கும் சாவியை இருட்டில் யார் தேடுவது? தீ எட்டுவதற்கு முன்பே புகை ஆளை மயக்கிவிடும். பாசேஜ் கேட்டின் சாவிக்கு ஓர் ஆணி அடியுங்கள். பிள்ளையின் கைக்கு எட்டவேண்டும், வெளியிலிருந்து ஜன்னல் வழியாகக் கைவிடுகிறவனுக்கு எட்டக்கூடாது. ஒரு ஜன்னல் கம்பியையாவது உள்ளிருந்து திறக்கும்படி மாற்ற முடியுமானால் மாற்றுங்கள். பிறகு ஒரு நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு, பிள்ளையையே சாவி எடுத்துத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். புகை மேலே ஏறும், தரையோடு தவழ்ந்து வரவேண்டும் என்பதை வகுப்பில் சொல்லிக் கொடுத்தாயிற்று. வீட்டிலும் ஒருமுறை தவழ்ந்து பார்க்கட்டும்.

புரட்டாசி முடிந்து தீபாவளிப் பலகாரம் சுடும் காலம் வருகிறது. எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து மூடியைப் போட்டு மூடுங்கள், சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டாம். சாமி அறையில் காமாட்சி விளக்குக்குப் பக்கத்தில் நைலான் திரை தொங்கினால் இன்றே கழற்றிவிடுங்கள். பட்டாசை 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விற்பது சட்டப்படி குற்றம். பிள்ளையிடம் காசு கொடுத்துக் கடைக்கு அனுப்பாதீர்கள்.

யாரைக் கூப்பிடுவது என்பதில் பெரியவர்களுக்கே குழப்பம் இருக்கிறது. போலீஸ் தேசிய அரசின் கீழ், ஆம்புலன்ஸ் மாகாண அரசின் கீழ், தீயணைப்பு 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி நகராட்சியின் பொறுப்பு. அதனால்தான் எண்ணும் வெவ்வேறு. போலீஸுக்கு 10111. ஆம்புலன்ஸுக்கு 10177. செல்போனிலிருந்து 112, ஏர்டைம் (போனில் பேசப் பணம்) இல்லாவிட்டாலும் அது போகும். நகரத் தீயணைப்பு நிலையத்தின் எண்ணைத் தனி ஸ்டிக்கரில் அச்சிட்டு உறையில் வைத்திருக்கிறேன், ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். ஆர்ம்ட் ரெஸ்பான்ஸுக்கு, அதாவது கூப்பிட்டால் ஆயுதத்தோடு வரும் தனியார் காவலுக்கு, பணம் கட்டுகிற வீடுகளிலும் தீ என்றால் முதல் அழைப்பு தீயணைப்புக்குத்தான் போகவேண்டும்.

போன வாரம் மூன்றாம் வகுப்பில் முகவரி கேட்டேன். தெருப் பெயர் தெரிந்தவர்கள் பாதிப் பேர், வீட்டு எண் தெரிந்தவர்கள் அதிலும் குறைவு. நம் ஊரில் தெருப் பெயர்கள் வேறு மாறிவிட்டன. லாங்மார்க்கெட் தெரு இப்போது லங்காலிபலேலே தெரு. ஆயாக்கள் ஓல்ட் கிரேடவுன் ரோடு என்பதைப் பெயர்ப்பலகை சோட்டா மோடாலா ரோடு என்கிறது. பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். அவசரத்தில் இரண்டையும் சொன்னால் வண்டி தடுமாறாது.

பிள்ளையை யார் அழைத்துப் போவது என்பதில் இனி விட்டுக்கொடுக்க மாட்டோம். நீங்கள் எழுதிக் கொடுத்த பெயர்கள் தவிர, சொந்த மாமாவே வந்தாலும் அனுப்ப மாட்டோம். கோபப்படாதீர்கள். பிள்ளைகளை ஏற்றி வரும் காம்பி வேனின் ஓட்டுநர் மாறினால் முன்கூட்டியே எங்களிடம் சொல்லுங்கள். பக்கி என்னும் சிறு டிரக்கின் பின்பக்கம் திறந்தவெளியில் பிள்ளைகளை ஏற்றி வரவே வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். ஒரு பிள்ளையைக் காணவில்லை என்றால் 24 மணி நேரம் காத்திருக்கவேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படி ஒரு விதி கிடையாது. உடனே போலீஸ் நிலையம் போங்கள், கையில் அண்மைய போட்டோ இருக்கட்டும்.

நம் ஆசிரியர்கள் எல்லோரும், மிருதங்க வகுப்பு எடுப்பவர், தேநீர் போடுபவர் உட்பட, போலீஸ் சான்றிதழ் கொடுத்தாயிற்று. பாலியல் குற்றவாளிகளின் தேசியப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் இல்லை என்று சரிபார்த்திருக்கிறோம். ஒரு பிள்ளைக்குக் கொடுமை நடக்கிறது என்று நம்பக் காரணம் கிடைத்தால், அதைத் தெரிவிப்பது 2005ஆம் ஆண்டு சிறுவர் சட்டப்படி ஆசிரியரின் கடமை. குடும்ப மானம் என்று என்னிடம் கேட்டாலும் நான் மௌனமாக இருக்க முடியாது. பிள்ளைகள் தாங்களாகவே பேச விரும்பினால், பிள்ளைகளுக்கான உதவித் தொலைபேசி சைல்ட்லைன் 116, இலவசம்.

உறையில் ஒரு சீட்டு இருக்கிறது. பிள்ளையை அழைத்துப்போக அனுமதி உள்ளவர்களின் பெயர், உங்கள் செல்போன் எண், இரவில் பாசேஜ் சாவி தொங்கும் இடத்தைப் பிள்ளைக்குக் காட்டியாயிற்றா என்ற கேள்விக்குப் பதில், இவ்வளவுதான் கேட்டிருக்கிறேன். வரும் சனிக்கிழமை வாசலில் நானே நின்று வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்