மூடும் தேதிக்கு முன்பே ஆய்வு தொடங்கட்டும்

ஆற்றல் ஆய்வுகளுக்கு நிதி வழங்கும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

நிலக்கரியைக் கைவிட்டுக் கார்பன் குறைந்த ஆற்றலுக்கு மாறுவது குறித்த உங்கள் திட்டங்களில் சமூக அறிவியலுக்கும் இடம் உண்டு. ஆனால் அந்த இடம் பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது. சுரங்கத்தையோ அனல்மின் நிலையத்தையோ மூடும் தேதி முடிவான பிறகு, மக்கள் ஏன் எதிர்க்கிறார்கள் என்று கண்டு சொல்லவே எங்களை அழைக்கிறீர்கள். அப்படியொரு திட்டத்தில் நானும் பணியாற்றினேன். நாங்கள் களத்துக்குச் சென்றபோது ஒப்பந்தத் தொழிலாளர்களில் பலர் ஊரைவிட்டே போயிருந்தார்கள். எஞ்சியிருந்தவர்களிடம் மட்டுமே பேச முடிந்தது. அதிகம் இழந்தவர்களின் குரல் இல்லாத அந்த அறிக்கையை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது.

தொழிலாளர்களுக்கு நியாயமான மாற்றம் வேண்டும் என்பதை 2015ஆம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்தம் தன் முகவுரையிலேயே குறிப்பிட்டது. அதே ஆண்டில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. எனவே கொள்கை அளவில் கருத்து வேறுபாடு குறைவு. பாதிக்கப்பட்டவர் யார் என்று வரையறுக்கும் இடத்தில்தான் சிக்கல். தென்னாப்பிரிக்காவின் கோமாட்டி அனல்மின் நிலையத்தில் கடைசி அலகு 2022 அக்டோபரில் நிறுத்தப்பட்டபோது, நிரந்தர ஊழியர்களை வேறு நிலையங்களுக்கு மாற்ற வழியிருந்தது. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நிறுவனத்தின் ஊழியர் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு ஆய்வு செய்தால், அவர்களோடு, அவர்களுடைய சம்பளத்தை நம்பியிருந்த சிறு வணிகர்களும், வருமானம் நின்றபின் குடும்பத்தைத் தாங்கும் சுமையை ஏற்ற பெண்களும் கணக்கில் வரவே மாட்டார்கள்.

காலமும் போதவில்லை. ஜெர்மனியின் ரூர் பகுதியில் 1950களின் இறுதியில் தொடங்கிய நிலக்கரி நெருக்கடி, 2018 டிசம்பரில் அங்கிருந்த கடைசிச் சுரங்கம் மூடப்படும் வரை ஏறத்தாழ 60 ஆண்டுகள் நீடித்தது. ஒரு தலைமுறையின் வேலையிழப்பு அடுத்த தலைமுறையின் படிப்பையும் இடப்பெயர்வையும் எப்படி மாற்றுகிறது என்பதை மூன்றாண்டு நிதியில் எவராலும் பார்க்க முடியாது. அதே நாடு 2038க்குள் நிலக்கரி மின்சாரத்தை நிறுத்தவும், நிலக்கரிப் பகுதிகளுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கவும் 2020இல் சட்டம் இயற்றியது. இவ்வளவு பெரிய தொகை உண்மையில் யாருடைய வாழ்க்கையைச் சென்றடைகிறது என்பதை அறிய, தொகை செலவாகும் காலம் முழுவதும் ஆய்வும் தொடர வேண்டாமா?

ஆகவே, அடுத்த நிதி அறிவிப்பின் விதிகளிலேயே இவற்றைச் சேர்க்கக் கோருகிறேன்: மூடும் தேதி முடிவாகும் முன்பே, மக்களின் அப்போதைய நிலையைப் பதிவுசெய்யும் அடிப்படைக் கணக்கெடுப்பு நடக்க வேண்டும்; ஊரைவிட்டுச் சென்றவர்களையும் சேர்த்துக் குறைந்தது பத்தாண்டுகள் அதே குடும்பங்களை மீண்டும் மீண்டும் சந்திக்கும் வகையில் நிதி ஒதுக்கப்பட வேண்டும்; முடிவுகள் அச்சேறும் முன் அந்த மக்களின் மொழியில் அவர்கள் முன் வைக்கப்பட்டு, அவர்கள் மறுத்துச் சொல்வதும் அறிக்கையில் பதிவாக வேண்டும்.

இப்படிக்கு,
களத்தில் பணியாற்றும் ஒரு சமூக அறிவியல் ஆய்வாளர்