வெறும் "மயக்கினார்" போதாது, சேகர்

அன்புள்ள சேகர்,

மடலும் குறிப்புகளும் வந்து சேர்ந்தன. அண்ணிக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். மீசைக்காரரும் நலம், அதே புகார்களோடு. உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதக் கூட்டத்தில் மேசை போட்ட சின்ன விடுதிகளில் பாடும் காபரே பாடகிகளைப் பற்றிப் பேசப்போகிறாய் என்றதும் அவ்வளவு சந்தோஷம். குறிப்புகளைப் படித்ததும் சண்டை போடத் தோன்றியது. பக்கத்துக்குப் பக்கம் "மயக்கினார்", "உருக்கினார்", "கட்டிப்போட்டார்". பத்திரிகைகள் புகழ்ந்தன, ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்கிறாய். சரிடா, எதற்காகத் தட்டினார்கள்? மேடையில் அவர் என்ன செய்தார்? காரணம் சொல்லாத புகழை எந்தப் பாடகியின் பெயருக்குப் பின்னாலும் ஒட்டிவிடலாமே!

பிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃபைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு 1947 நியூயார்க் கதையை எப்படி விட்டாய்? அந்த அக்டோபர் கடைசியில் பிளேஹவுஸ் அரங்கில் பாடினார். பாரிஸ் பாடகி என்றால் இறகும் ஜிகினாவும் வரும் என்று காத்திருந்த கூட்டம் அது. வந்து நின்றவரோ ஐந்தடிகூட இல்லாத, கறுப்பு உடை போட்ட ஒரு பெண். புரியாத பிரெஞ்சில் துயரப் பாட்டு. அவரோடு வந்த ஆண்கள் குழுவுக்குத்தான் கைதட்டல் அதிகம். ஊருக்கே திரும்பிவிடலாம் என்ற நிலை. அப்போது ஹெரால்ட் டிரிப்யூன் பத்திரிகையில் வர்ஜில் தாம்சன் எழுதினார். அவரே இசையமைப்பாளர், பாரிஸில் பல வருடம் வாழ்ந்தவர், வழக்கமாகச் செவ்வியல் கச்சேரிகளுக்கு விமர்சனம் எழுதுகிறவர். அவர் கொடுத்தது வர்ணனை. வெற்று மேடையின் நடுவில் காலைச் சற்றே அகட்டி ஊன்றி நிற்கிறார், கைகளைத் தவிர எதுவும் அசைவதில்லை, கையசைவும் சிக்கனம், உச்சரிப்பு சுத்தம், இது ஷான்சோன் என்ற, சொல்லுக்கு முதலிடம் தரும் பிரெஞ்சுப் பாட்டு மரபின் செவ்வியல் வடிவம் என்று காட்டினார். எதைப் பார்க்க வேண்டும் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. நியூயார்க்கிலேயே 'வெர்சாய்' என்ற இரவு விடுதியில் பாட வாய்ப்பு வந்தது, ஒப்பந்தம் நீண்டுகொண்டே போனது, 1950களிலும் அங்கே திரும்பத் திரும்பப் பாடினார். ஒரு நல்ல விமர்சனம் செய்யக்கூடிய வேலை இதுதான். உன் பேச்சும் இதைச் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

காபரே பாடகி மேபல் மெர்சருக்கு வருவோம். அவரைப் பற்றிய பாராட்டுகளில் திரும்பத் திரும்ப வருவது "எனக்காகவே பாடியதுபோல் இருந்தது" என்பது. நீயும் அதை எடுத்து எழுதிவிட்டு நகர்ந்துவிட்டாய். அங்கேதான் நீ நின்றிருக்க வேண்டும். 1930களில் பாரிஸில் பிரிக்டாப் என்ற அமெரிக்கப் பாடகி நடத்திய விடுதியிலும், பிறகு நியூயார்க்கிலும் பாடியவர். பிற்காலத்தில் நேர்முதுகு நாற்காலியில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டே பாடுவார். உடம்பு அசையாதபோது பார்க்கிறவன் கண் வேறெங்கும் போக வழியில்லாமல் முகத்துக்குப் போகிறது, காது சொல்லுக்குப் போகிறது. சொற்களை எங்கே பிரிப்பது, எங்கே தாங்குவது என்பதை அவரிடம்தான் கற்றதாக அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் சினாட்ராவே சொல்லியிருக்கிறார்.

பார்வைக்கும் முறை உண்டு. நல்ல காபரே பாடகி அறையைக் கண்ணால் துழாவுவதில்லை. ஒரு மேசையைப் பிடித்து, அந்த வரியின் கருத்து முடிகிற வரை அங்கேயே இருந்து, மூச்சு எடுக்கும் இடத்தில் அடுத்த மேசைக்குப் போகிறார். நடுவரியில் கண்ணை எடுத்தால் சொல்ல வந்தது அறுந்துவிடும். ஒரே ஆளை மூன்று நான்கு வரிக்குப் பார்த்தாலோ அவர் நெளிய ஆரம்பிப்பார், பக்கத்து மேசை பாட்டை விட்டு அவரை வேடிக்கை பார்க்கும். இதற்கு விளக்கும் ஒத்துழைக்க வேண்டும். ஸ்பாட்லைட் முழு வெளிச்சத்தில் நேராகக் கண்ணில் விழுந்தால் பாடுகிறவருக்கு எதிரே கருப்புச் சுவர்தான். விவரம் தெரிந்த விளக்குக்காரர் ஸ்பாட்டைச் சற்று இறக்கி, முன்மேசைகளின் மேல் மங்கலான வெளிச்சத்தை அணைக்காமல் வைத்திருப்பார்.

மைக்கைப் பற்றி உன் குறிப்பில் ஒரு வார்த்தை இல்லை. இன்றைய பாடகியின் நேரடி நிகழ்ச்சியைப் பேசும்போது இதை விடவே கூடாது. "காதோரம் கிசுகிசுத்தார்" என்று எழுதுகிறார்களே, அந்தக் கிசுகிசுப்பில் பாதி மைக்கின் வேலை. பாடகர்கள் பிடிக்கும், முன்பக்கச் சத்தத்தையே அதிகம் எடுக்கும் கார்டியாய்டு வகை மைக்கில் வாயை இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குக் கொண்டுபோனால் கீழ் ஸ்தாயி தானாகத் தடிக்கும், சன்னக் குரலும் வெதுவெதுப்பாகக் கேட்கும். தூரத்தை இரட்டிப்பாக்கினால் சத்தம் ஏறக்குறைய 6 டெசிபல் இறங்கும். அதனால் உச்சஸ்தாயி வரும்போது மைக்கைப் பதினைந்து சென்டிமீட்டர் போல விலக்குகிறார்கள். அதற்கு மேல் இழுத்தால் குரல் மெலிந்து, பியானோவும் அறை எதிரொலியும் உள்ளே வந்துவிடும். நேராக வாயெதிரே பிடித்தால் 'ப'கரம் வெடிக்கும், கொஞ்சம் சாய்த்துப் பிடிக்க வேண்டும். வலைக்கூண்டை உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பது மிகப் பெரிய தப்பு: பின்பக்கச் சத்தத்தைத் தடுக்கும் துளைகள் அடைபட்டு மைக் எல்லாத் திசையிலும் கேட்க ஆரம்பிக்கும், பாடகிக்கே அவர் குரலைக் கேட்கவைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் ஊளையிடும். மானிட்டர் மைக்கின் வாலுக்கு நேர் எதிரே இருக்க வேண்டும், கார்டியாய்டுக்கு அங்கேதான் காது மிக மந்தம். பாடும்போது கையைக் கவனித்தால் போதும், அந்தப் பாடகியின் பயிற்சி தெரிந்துவிடும்.

பியானோக்காரரையும் நீ மறந்துவிட்டாய், அநியாயம். பிராட்வே நாடகப் பாடகி பார்பரா குக் 1975இல் நியூயார்க் கார்னகி ஹாலில் பாடி மறுபடி மேடைக்குத் திரும்பினாரே, அப்போது பியானோவில் இருந்தவர் வாலி ஹார்ப்பர். 2004இல் ஹார்ப்பர் இறக்கும் வரை முப்பது வருடக் கூட்டு. பாட்டின் முன்னுரைப் பகுதி தாளக்கட்டு இல்லாமல் பேச்சு நடையில் போகும்போது, பியானோக்காரர் பாடகியின் தோளையும் விலாவையும் பார்க்கிறார். மூச்சு ஏறுவது தெரிந்தால்தான் அடுத்த சொல்லோடு சேர்ந்து விரல் இறங்கும். ஒரு கணம் முந்தினால் பாடகி துரத்தப்படுவதுபோலக் கேட்கும், பிந்தினால் இழுக்கப்படுவதுபோலக் கேட்கும். சுருதியும் முக்கியம். நாடக மேடைக்கு எழுதிய பாட்டைக் காபரேயில் பெரும்பாலும் சில ஸ்வரம் இறக்கித்தான் எடுப்பார்கள், சொல் பேச்சுக் குரலின் உயரத்தில் விழ வேண்டும் என்பதற்காக.

பாட்டு வரிசை பற்றி நீ எழுதியது நன்றாகவே இருக்கிறது, அதைத் தொடாதே. ஒன்று மட்டும் சேர். ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான நிகழ்ச்சி, பன்னிரண்டு பதினைந்து பாட்டு, நடுவே பேச்சு. பேச்சு ஒரு நிமிடத்தைத் தாண்டினால் அடுத்த பாட்டு தன் பலத்தை அங்கேயே இழந்துவிடும். நியூயார்க் அறைகளில் நுழைவுக் கட்டணத்தோடு குறைந்தபட்சம் இவ்வளவு சாப்பிட வேண்டும், குடிக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. அதற்கான பில்லைப் பரிமாறுகிறவர் கடைசிப் பாட்டுகளின்போது மேசைக்கு மேசை வைத்தால், நிகழ்ச்சியின் மிக மென்மையான பாட்டு கடன் அட்டை தேடும் சலசலப்பில் செத்துப்போகும். அனுபவசாலிகள் அந்த நேரத்துக்குத் துள்ளல் பாட்டைப் போட்டுவிட்டு மெதுவான பாட்டைப் பில் முடிந்த பிறகு எடுப்பார்கள். நியூயார்க்கின் கஃபே கார்லைல் தொண்ணூறு பேர் அளவுக்கான அறை. பாபி ஷார்ட் 1968 முதல் 2004 வரை அங்கே பியானோ வாசித்துப் பாடினார் என்றால், அந்த அறை எப்போது சலசலக்கும் என்று அவருக்கு எவ்வளவு தெரிந்திருக்கும்!

இப்போது நான் உண்மையிலேயே வருந்திய இடம். மெர்சரின் கடைசி வருடங்களைப் பற்றி "குரல் போன பிறகும் ரசிகர்கள் வயதை மன்னித்துக் கைதட்டினார்கள்" என்று எழுதியிருக்கிறாய். இந்த வரியை எடுத்துவிடு, சேகர், தயவுசெய்து. அது அவருக்கும் அநீதி, கேட்டவர்களுக்கும் அநீதி. வயதாக ஆக அவர் பாட்டைப் பாதி பேசினார் என்பது நிஜம். ஆனால் நீட்ட முடியாத இடத்தில் கார்வையைச் சொல்லின் எடையால் நிரப்பினார். அங்கே வந்தவர்கள் காசு கொடுத்து உட்கார்ந்த நியூயார்க்வாசிகள், அவர்களில் பலர் தொழில்முறைப் பாடகர்கள். பரிதாபப்பட்டுக் கற்றுக்கொள்ள வருகிறவர் உண்டா? 1983இல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் கொடுத்தார்கள். அடுத்த வருடம் இறந்தார். 1985இல் அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை ஏற்பட்டு, 1989 முதல் காபரே விழா நடத்துகிறார்கள். எண்பதை ஒட்டிய தொண்டையில் இளமையைத் தேடுகிற விமர்சகன் தன் காதைத்தான் குறை சொல்ல வேண்டும்.

கூட்டத்துக்கு இரண்டு பதிவு போதும். மெர்சரும் ஷார்ட்டும் 1968இல் நியூயார்க் டவுன் ஹாலில் சேர்ந்து பாடியது ஒன்று. அது பெரிய அரங்கு, சின்ன அறையின் நெருக்கத்தை அங்கே எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று காட்டலாம். மற்றது பியாஃப் 1960 டிசம்பர் முதல் பாரிஸின் ஒலிம்பியா அரங்கில் பாடியது. கடனில் தத்தளித்த அந்த அரங்கையே தூக்கி நிறுத்திய நிகழ்ச்சி. கைதட்டலை வெட்டிவிடாதே. பாட்டு முடிந்ததும் உடனே தட்டுகிறார்களா, ஒரு கணம் தயங்கித் தட்டுகிறார்களா என்று எல்லோரையும் கவனிக்கச் சொல். நம் கூட்டம் நடக்கும் அறையின் ஸ்பீக்கரில் அடிசத்தம் அதிகமாகப் போகும், பேஸைக் குறைத்து வை, இல்லாவிட்டால் சொல் எதுவும் விளங்காது.

திருத்திய குறிப்பை அனுப்பு. மெர்சர் பகுதியை முதலில் அனுப்பு, மற்றது மெதுவாக வரட்டும்.

அன்புடன்,
ரகு