மாசி சைக்கிள் பயணம்: ஓசூர் – அஞ்செட்டி – ஒகேனக்கல் – தருமபுரி

நண்பர்களே, மார்கழியில் போகலாம் என்று பலர் கேட்டிருந்தீர்கள். அது ராகி அறுவடைக் காலம். பயிரைத் தேடி யானைகள் காட்டோர வயல்களுக்கு இறங்கும். அதனால் மாசி இரண்டாம் சனி, ஞாயிறு என்று முடிவு செய்திருக்கிறோம்.

ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஒகேனக்கல் சுமார் 250 மீட்டர்தான். இறக்கம்தானே என்று நினைத்துவிட வேண்டாம். தேன்கனிக்கோட்டை தாண்டியதும் மேலகிரி மலைகளில் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். காலைவிடக் கை பிரேக்தான் அதிகம் உழைக்கும். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் இந்த வாரமே மாற்றிவிடுங்கள். மாற்றாதவர்களைக் கூட்டிப் போக எனக்கு மனமில்லை.

முதல் நாள் இரவு அஞ்செட்டியில் தங்கல். மறுநாள் நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல். இது யானைக் காடு. விடிந்த பிறகே கிளம்புவோம், யாரும் தனியாக முன்னே போகக் கூடாது. காதில் இயர்போன் வேண்டவே வேண்டாம். சாலையில் யானை நின்றால் தூரத்திலேயே நின்று, அது போகும்வரை காத்திருப்போம். படம் எடுக்க நெருங்காதீர்கள். வனத்துறையினர் திரும்பச் சொன்னால் திரும்பிவிடுவோம்.

ஒகேனக்கல்லில் மீன் சாப்பாடு. அளவோடு சாப்பிடுங்கள், அடுத்து பென்னாகரம் வரை 16 கி.மீ. ஏற்றம் இருக்கிறது! தருமபுரியில் பயணம் முடியும். அங்கிருந்து ரயிலோ பஸ்ஸோ அவரவர் வசதி.

ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், ஒரு மாற்று டியூப், பம்ப் கட்டாயம். காட்டுக்குள் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு, வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள். வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் பெயரும் ரத்த வகையும் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.